மூக்கு சைனஸ் புற்றுநோய்: அப்பாவுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?

கேள்வி: டாக்டர், வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. பல மாதமாக இடது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது. சைனஸ் என்று நினைத்து மருந்து சாப்பிட்டார். ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு கண்களுக்கு நடுவில் இருக்கும் எத்மாய்டு சைனஸில் கட்டி, கண்குழி ஓரம்வரை வந்திருக்கிறது, மேலே மண்டையோட்டின் அடித்தளத்தைத் தொடுகிறது என்றார்கள். பயாப்ஸியில் 'சைனோநேசல் அன்டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா' என்று வந்தது. கழுத்திலோ நுரையீரலிலோ எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனையில் உடனே ஆபரேஷன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் முதலில் இரண்டு மூன்று கீமோ கொடுத்துப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யலாம் என்கிறார்கள். ஒரு டாக்டர் 'பாதிப் பாதி' என்றார். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு சதவீதம் சொல்கிறார்கள். ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்கிறான் தம்பி. எதை நம்புவது? கீமோ வேலை செய்யுமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ள ஒரு டெஸ்ட் கிடையாதா? அப்பாவின் கண்ணை எடுத்துவிடுவார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: டெஸ்ட் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன், மற்ற பதில்கள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. கீமோ வேலை செய்யுமா என்று தொடங்கும் முன்பே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றைக்கு நடைமுறையில் இல்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் இந்தக் குறிப்பிட்ட வகையில், முதல் இரண்டு மூன்று கீமோவே அந்தப் பரிசோதனை. 'கொடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்' என்று சொன்ன மருத்துவர் முடிவெடுக்கத் தெரியாமல் தள்ளிப்போடுகிறார் என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதற்குப் பின்னால் வலுவான காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இணையத்தில் பார்த்த சதவீதங்கள். மூக்கறையிலும் சைனஸ்களிலும் வரும் புற்றுநோய்கள் அபூர்வமானவை. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்தால் அதில் 3 முதல் 5 சதவீதம்தான் இவை. அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா அதிகம். அப்புறம் அடினோகார்சினோமா, அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, மணநரம்பிலிருந்து வரும் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, மெலனோமா, லிம்ஃபோமா, உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் இந்த வகை என்று பட்டியல் நீளும். இடம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி நோய். மணநரம்புக் கட்டியில் ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் 100-க்கு 70-க்கு மேல். அதே மூக்கில் வரும் மெலனோமாவில் அது ஏறக்குறைய 30 அல்லது அதற்கும் கீழே. மெலனோமா எவ்வளவு முரடு என்றால், ஸ்டேஜ் கணக்குப் போடும் விதிமுறையிலேயே அதற்கு ஆரம்ப நிலை என்று ஒன்று கிடையாது. கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று டி1 முதல் டி4 வரை எழுதுவார்கள், இதில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் டி3 என்றுதான் கணக்கு தொடங்கும். இப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒன்றாகக் கலந்து 'சைனஸ் புற்றுநோயில் இத்தனை சதவீதம்' என்று யாராவது எழுதினால், அந்த எண் எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வரும் நேசோஃபாரிங்ஸ் புற்றுநோய் வேறு. அது ரேடியேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும், எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்பு உள்ளது, ரத்தத்தில் அந்த வைரஸின் டி.என்.ஏ.வை அளந்து நோயின் போக்கைக்கூடக் கணிக்கலாம். 'மூக்குப் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது' என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அது பெரும்பாலும் இதைப் பற்றியதாக இருக்கும். அப்பாவின் நோய்க்கு அது உதவாது.

ஆகவே நோயின் போக்கைச் சொல்லும் விஷயங்களில் முதல் இடம் சரியான பெயருக்குத்தான். பெயர் தப்பானால் மற்ற கணக்கெல்லாம் தப்பு. உங்கள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். 'அன்டிஃபரன்ஷியேட்டட்' என்பது, செல்களைப் பார்த்து எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று அடையாளம் காண முடியவில்லை, தெரிந்த மற்ற வகைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சியது இது என்று சொல்லும் முடிவு. விலக்கும் வேலை முழுமையாக நடந்ததா என்பதுதான் கேள்வி. இந்த வகையை 1986-இல் தனி நோயாக விவரித்தார்கள். அதற்குப் பிறகு, முன்பு இதற்குள் அடங்கியிருந்த பலவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வருகிறார்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சாயப் பரிசோதனை, அதாவது ஐ.எச்.சி. என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஐ.என்.ஐ.1 என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1 என்றும் எழுதியிருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். அந்தப் புரதம் செல்களில் இல்லாமல் போயிருந்தால் அது தனி வகை, பொதுவாக இன்னும் வேகமாகப் போகும். 2014-இல்தான் அதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். அதேபோல 'நட்' என்ற புரதத்துக்கான சாயம். அது பாசிட்டிவ் என்றால் நோயின் பெயரே மாறிவிடும். அந்த நட் கார்சினோமாவில் பாதிப்பேர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை, சிகிச்சைத் திட்டமும் வேறு. எஸ்.எம்.ஏ.ஆர்.சி.ஏ.4 என்று இன்னொரு புரதம், ஐ.என்.ஐ.1 போல அதுவும் இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை தவிர ஐ.டி.எச்.2 என்ற மரபணு மாற்றம். அன்டிஃபரன்ஷியேட்டட் என்று சொல்லப்படுகிற கட்டிகளில் கணிசமான பங்கில் இது இருக்கிறது. இது இருப்பவர்களின் போக்கு, ஐ.என்.ஐ.1 இழந்தவர்களோடு ஒப்பிட்டால் ஓரளவு நன்றாகவே இருக்கிறது.

2022-இல் வந்த ஒரு ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. கட்டியின் டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதி அடையாளங்களைக் கம்ப்யூட்டர் மூலம் வகைப்படுத்திப் பார்த்தார்கள். அன்டிஃபரன்ஷியேட்டட் என்று ஒரே பெயர் வைத்திருந்தவை நான்கு குழுக்களாகப் பிரிந்தன. அதில் ஒரு குழு அநேகமாக அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, ஆரம்பத்திலேயே தப்பாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடினாய்டு சிஸ்டிக் என்றால் கதையே வேறு. மெதுவாக வளரும், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும், பத்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும். கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு ஆபரேஷனும் ரேடியேஷனும்தான் வழி. ஒரு பெயர் மாறினால் சிகிச்சை வரிசையே தலைகீழாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் யோசனை: பயாப்ஸி ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்துவைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் வாங்கி, தலை-கழுத்துக் கட்டிகளையே அதிகம் பார்க்கும் ஒரு பெத்தாலஜிஸ்ட்டிடம் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர்) இரண்டாவது கருத்து கேளுங்கள். முதல் மருத்துவமனை கோபித்துக்கொள்ளும் என்று தயங்க வேண்டாம். இந்த நோயில் இது வழக்கமான நடைமுறை. புதிதாகத் திசு எடுக்கவும் தேவைப்படாது, பெரும்பாலும் இருக்கும் பிளாக்கிலேயே சாயம் போட்டுப் பார்த்துவிடுவார்கள். மரபணுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். அது வரும்வரை கீமோவை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஐ.என்.ஐ.1, நட் போன்ற சாயங்களும், லிம்ஃபோமா இல்லை என்பதும் மட்டும் கீமோவுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது இடமும் பரவலும். முகத்தில் ஒரு கற்பனைக் கோடு போட்டு நோயின் போக்கைச் சொல்லும் பழக்கம் 1933-லேயே இருந்தது. கண்ணின் உள்முனையிலிருந்து தாடை எலும்பின் மூலைக்கு ஒரு கோடு. அதற்கு மேலும் பின்னும் இருக்கும் கட்டி மோசம், கீழும் முன்னும் இருப்பது பரவாயில்லை என்றார் ஓன்கிரன் என்ற சுவீடன் மருத்துவர். எம்.ஆர்.ஐ. வந்து இத்தனை வருடமாகியும் அந்தக் கோட்டின் சாரம் பொய்யாகவில்லை. மேலே மூளை, பின்னால் கண்நரம்பும் பெரிய ரத்தக்குழாய்களும். கட்டி அங்கே போய்விட்டால் ஓரத்தில் நல்ல திசு விட்டு முழுசாக எடுப்பது கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் எண்களில் தெரிகிறது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் டி3, டி4ஏ, டி4பி மூன்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எத்மாய்டு கட்டி கண்குழியின் உள்சுவரையோ, மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள துளையிட்ட எலும்புத்தட்டையோ அரித்தது என்றால் டி3. கண்குழியின் முன்பகுதிக்குள் புகுந்தது, மண்டையோட்டின் முன்குழிக்குள் லேசாக நுழைந்தது போன்றவை டி4ஏ. கண்குழியின் பின்முனை, மூளையுறை, மூளை, முக்கியமான நரம்புகள் என்று போய்விட்டால் டி4பி. 'தொடுகிறது' என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது எலும்பைத் தள்ளுகிறதா, அரித்திருக்கிறதா, மூளையுறையைத் தாண்டிவிட்டதா? இந்த மூன்றுக்கும் வித்தியாசம் பெரிது. ரேடியாலஜிஸ்ட்டிடம் நேரடியாகக் கேட்கலாம், அவர்கள் சொல்வார்கள். கழுத்து நெறிக்கட்டிகளிலும் நுரையீரலிலும் ஒன்றுமில்லை என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. அதைக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள், ஆனால் கணக்கில் அதற்கு நிறைய எடை உண்டு.

சரி, இப்போது கீமோவுக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. இதே வகை நோய் உள்ள 95 பேர். எல்லோருக்கும் முதலில் கீமோ, பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் வகை மருந்தோடு எட்டோபோசைட் அல்லது டோசிடாக்சல். அதற்கு யாருடைய கட்டி ஓரளவாவது கட்டுப்பட்டது, யாருடையது கட்டுப்படவில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். கட்டுப்பட்டவர்களில், ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷனும் கீமோவும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டில் இந்த நோயால் இறக்காமல் இருந்தவர்கள் 81 சதவீதம். அதே குழுவில் ஆபரேஷனுக்குப் போனவர்களில் 54 சதவீதம். கட்டுப்படாதவர்களில் இது தலைகீழ். ரேடியேஷனும் கீமோவும் மட்டும் பெற்றவர்களில் 0. ஆபரேஷன் செய்து அப்புறம் ரேடியேஷன் பெற்றவர்களில் 39.

இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே பெயர், ஒரே மருத்துவமனை, ஆனால் 0 முதல் 81 வரை. உங்களிடம் 'பாதிப் பாதி' என்றவர் பொய் சொல்லவில்லை. எல்லோரையும் சேர்த்து அந்த ஆய்வில் வந்த சராசரியும் 59 சதவீதம்தான். ஆனால் அந்தச் சராசரிக்கு உள்ளே இரண்டு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. அப்பா எந்தக் கூட்டத்தில் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது, இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஓரளவு தெரிந்துவிடும். அதனால்தான் 'எத்தனை சதவீதம்' என்று இப்போதே கேட்டு, வரும் பதிலை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அந்தக் கேள்வியை மறுஸ்கேன் அன்றைக்குக் கேளுங்கள். அன்று வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் போனவர்கள் போனதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். கீமோவுக்குக் கட்டுப்படும் கட்டி இயல்பிலேயே சாதுவானதாகவும் இருக்கலாம். 81, 54 என்ற எண்களை அப்படியே உங்கள் அப்பா மேல் ஒட்டிவிடாதீர்கள். ஆனால் 'கட்டுப்பட்டால் ஒரு பாதை, இல்லையென்றால் இன்னொரு பாதை' என்ற முடிவு உறுதியாகவே நிற்கிறது. நான் உங்கள் அப்பாவின் மருத்துவராக இருந்தால் நானும் இந்தப் பாதையில்தான் போவேன், பெத்தாலஜி உறுதியாகும் பட்சத்தில்.

உடனே ஆபரேஷன் என்றவர் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. மரத்தூள், தோல்தூளோடு தொடர்புள்ள அடினோகார்சினோமா, மணநரம்புக் கட்டி, அடினாய்டு சிஸ்டிக் இவற்றிலெல்லாம் ஆபரேஷன்தான் முதல் அடி, அதில் பெரிய விவாதம் இல்லை. மண்டையோட்டு அடித்தள சர்ஜன் ஒருவர் தினமும் பார்ப்பது அந்த நோயாளிகளைத்தான். இங்கே இன்னொரு சுவாரசியமான விஷயம். மரத்தூள் அடினோகார்சினோமாவில் இத்தாலியில் நடந்த ஆய்வு ஒன்று, கட்டி வளராமல் காவல் காக்கும் டிபி53 மரபணு கெடாமல் ஒழுங்காக வேலை செய்கிறவர்களில் முதல் கீமோவிலேயே கட்டி முழுக்க மறைவது அதிகம், கெட்டுப்போனவர்களில் அது மிக அரிது என்று காட்டியது. கீமோ வேலை செய்யுமா என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு இந்தத் துறையில் கிடைத்த மிக நெருக்கமான பதில் அது. ஆனால் 2004-இல் வந்த அந்த ஆய்வில் இருந்தது சில பத்துப் பேர்தான், அதுவும் வேறு வகை நோய். அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு முடிவெடுக்க முடியாது.

இரண்டு மருத்துவர்களையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தாதீர்கள். அந்த சர்ஜன் உங்களுக்கு இன்னும் தேவைப்படுவார். கீமோவுக்குக் கட்டி மசியவில்லை என்றால் அவரிடம்தான் போக வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். எனவே கீமோ தொடங்கும் நாளிலேயே அவரும் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். சர்ஜன், கீமோ மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு இருக்கும் இடத்தில் சிகிச்சை எடுப்பது நல்லது. 'இரண்டாவது கீமோவுக்குப் பிறகு எந்தத் தேதியில் ஸ்கேன், எவ்வளவு சுருங்கினால் என்ன முடிவு, சுருங்காவிட்டால் எத்தனை நாளில் ஆபரேஷன்' என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

கட்டி கட்டுப்பட்டதை எப்படி அளப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சைனஸின் வாயைக் கட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே சளி தேங்கும். சி.டி. ஸ்கேனில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் சளி வெள்ளையாகப் பளிச்சென்றும், கட்டி மங்கலாகவும் தெரியும் என்பதால் பிரித்துவிடலாம். சளி நாள்பட்டு இறுகினால் அதுவும் குழப்பும், அப்போது மருந்து ஏற்றி எடுத்த படம் கைகொடுக்கும். அதோடு இந்தக் கட்டிகள் உருண்டையாக வளர்வதில்லை, கிடைத்த இடுக்கில் எல்லாம் புகுந்து வளரும். நீளத்தை ஒரு கோடாக அளந்து '20 சதவீதம் குறைந்தது' என்று சொல்வது இங்கே அவ்வளவு நம்பகமில்லை. அளவு அவ்வளவாகக் குறையாமல் உள்ளே செத்துப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால், உயிரோடு இருக்கும் கட்டியை ஒளிரவைத்துக் காட்டும் பெட் சி.டி. ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூக்கு திறந்துவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துக் கட்டி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ரேடியேஷனுக்குப் பிறகான பெட் ஸ்கேனை அவசரப்பட்டு எடுத்தால் வீக்கமெல்லாம் கட்டி மாதிரி ஒளிரும். பொதுவாக 12 வாரம் பொறுப்பார்கள்.

தம்பி சொன்ன கம்ப்யூட்டர் விஷயம். அவர் சொல்வது கற்பனை இல்லை. ஸ்கேன் படத்தில் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான அளவுகளை எடுத்து, எது கீமோவுக்கு மசியும், எது திரும்ப வரும் என்று கணிக்க முயலும் ரேடியோமிக்ஸ் ஆய்வுகள் நடக்கின்றன. சைனஸ் கட்டிகளிலும் நடந்திருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் கட்டிக்குள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று எம்.ஆர்.ஐ.யில் அளக்கலாம். செல்கள் நெருக்கமாக அடைந்திருந்தால் அந்த எண் குறையும், கீமோ வேலை செய்யத் தொடங்கினால் கூடும். இதெல்லாம் நம்பிக்கை தரும் வழிகள்தான்.

என் தயக்கம் எங்கே என்றால், கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொள்ள நிறைய நோயாளிகள் வேண்டும். இந்த நோயில் அது கிடைக்காது. ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளில் சில பத்து, அதிகம் போனால் சில நூறு பேர், அவர்களிலும் பத்து வகை நோய். அளவுகள் நூற்றுக்கணக்கில், ஆட்கள் பத்துக்கணக்கில் என்றால், கம்ப்யூட்டர் அந்த ஆட்களை மனப்பாடம் செய்துவிடும். தெரிந்த கேள்வித்தாளுக்கு நூற்றுக்கு நூறு வாங்கும் பையன் வேறு கேள்வித்தாளில் திணறுவதைப் போலத்தான். ஸ்கேன் இயந்திரம் மாறினாலே சில கணிப்புகள் தடுமாறும். வேறு மருத்துவமனையில், வேறு இயந்திரத்தில், இந்த ஒரு வகை நோயாளிகளிடம் சோதித்து அதே முடிவு வந்திருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். அப்படி ஒன்று வரும்வரை அதை வைத்து சிகிச்சையை மாற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே சொன்ன மெத்தில் முறை இதிலிருந்து வேறு. அது வருங்காலத்தைக் கணிக்கவில்லை, கட்டியின் பெயரைச் சரியாகச் சொல்கிறது. வசதி கிடைத்தால் அதைச் செய்யலாம்.

வயது, ஸ்டேஜ் எல்லாம் போட்டால் சதவீதம் தரும் கணிப்பான்கள் இணையத்தில் இருக்கும். அவற்றில் பல அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்தவை. ஆபரேஷனில் ஓரம் சுத்தமாக வந்ததா, ஐ.என்.ஐ.1 இருந்ததா, முதல் கீமோவுக்குக் கட்டி மசிந்ததா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இல்லை. அப்பாவின் விஷயத்தில் எடை உள்ள மூன்று கேள்விகளும் அதில் கிடையாது. ரத்தத்தில் வெள்ளணு விகிதம் பார்த்துச் சொல்வது, பி.டி.எல்.1 சோதனை இவையும் கண்ணில் படும். முதலாவது எந்த அழற்சியிலும் மாறும். இரண்டாவது, உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி தருவதா என்று தீர்மானிக்க உதவுவது. அதற்கு அடிப்படையான பெரிய ஆய்வுகளில் இருந்தவர்கள் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளிகள். நோய் திரும்ப வந்தால் பேசவேண்டிய விஷயம், இப்போது வேண்டாம்.

கண். இதுதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று புரிகிறது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் மிக மெல்லிய எலும்பு, அதற்கு உள்ளே கண்குழியைச் சுற்றி ஒரு சவ்வு. எலும்பு அரித்திருந்தாலும் சவ்வு தாங்கியிருந்தால் கண்ணைக் காப்பாற்றுவது இன்று வழக்கமாக நடக்கிறது. சவ்வையும் தாண்டிக் கொழுப்பில் லேசாகப் பட்டிருந்தால்கூடப் பல இடங்களில் கண்ணை விட்டுவைத்தே எடுக்கிறார்கள். கண் தசைக்குள்ளோ, பின்முனைக்கோ போய்விட்டால்தான் எடுக்க வேண்டிய பேச்சு வரும். முதலில் கீமோ கொடுப்பதில் இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது: கட்டி சுருங்கினால் கண்ணிலிருந்து விலகும், பல நேரம் அந்தக் கேள்வியே எழாமல் போகும். ஸ்குவாமஸ் செல் வகை சைனஸ் புற்றுநோயிலும் கீமோவை முன்னால் கொடுத்தால் கண்ணும் மண்டையோட்டு அடித்தளமும் தப்புமா என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஆனால் கீமோ நடக்கும்போது அப்பாவுக்குப் பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண் வெளியே தள்ளினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கண்நரம்பு அழுத்தப்பட்டால் மணிக்கணக்குதான் அவகாசம்.

முடிவை மாற்றக்கூடிய சில விஷயங்கள் உங்கள் கையிலும் உண்டு. கீமோக்களுக்கு நடுவில் தேவையில்லாத இடைவெளி விடாதீர்கள். ஆபரேஷன் நடந்தால், ரேடியேஷன் ஆறு வாரத்துக்குள் தொடங்கவேண்டும். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்க வேண்டும், ரேடியேஷனின் பலன் அதனால் குறையும். எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கழுத்துக்கும் சேர்த்து ரேடியேஷன் தரச் சொல்வார்கள், பதறாதீர்கள், இந்த வகையில் கழுத்தில் திரும்ப வருவதைத் தடுக்க அது தேவைப்படுகிறது. மூளைக்கும் கண்ணுக்கும் இவ்வளவு அருகில் இருப்பதால், புரோட்டான் ரேடியேஷன் கிடைக்கும் இடம் என்றால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கொடுக்கும் நவீன ஐ.எம்.ஆர்.டி. முறை போதும். அதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பது லாபமில்லை.

'எத்தனை நாள்' என்ற கேள்வி அப்பாவுக்கும் இருக்கும், உங்களிடம் கேட்காமல் இருக்கலாம். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிடுங்கள். சிலர் எண் வேண்டாம், அடுத்து என்ன செய்வது என்று மட்டும் சொல் என்பார்கள். எண் கேட்டால், அது நிலையானதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வகை நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் திரும்பும். அந்த இரண்டு வருடத்தைச் சுத்தமாகத் தாண்டியவருடைய வாய்ப்பு, தொடக்க நாளில் சொன்னதைவிடக் கணிசமாக உயர்ந்துவிடும். மணநரம்புக் கட்டியிலும் அடினாய்டு சிஸ்டிக்கிலும் இந்த ஆறுதல் கிடையாது, அங்கே பத்து வருடம் தாண்டியும் கண்காணிக்க வேண்டும்.

கீமோ தொடங்கும் முன் சில வேலைகள் பாக்கி இருக்கும். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் இரண்டுக்கும் பரிசோதனை. ரேடியேஷன் வரப்போகிறது, அதனால் ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கண் மருத்துவரிடம் இன்றைய பார்வை எவ்வளவு என்று ஒரு பதிவு. முதல் எம்.ஆர்.ஐ.யின் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, முழுப் படங்களையும் கேட்டு வாங்கிவையுங்கள். முடிந்தால் இரண்டாவது எம்.ஆர்.ஐ.யை அதே மையத்திலேயே எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ரேடியாலஜிஸ்ட் பார்த்து எழுதிய பிறகு, விருப்பமிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். ஐ.என்.ஐ.1 ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.